பூங்காவனத்துக்கு முன்னால் ஓடிய கோடு

மலேசியாவின் சுங்கைப் பட்டாணியிலிருந்து தாய்லாந்துக்குப் போகும் காலைப் பேருந்தில் இரண்டு சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று பூங்காவனம் கேட்டபோது, ஓட்டுநர் ரம்லி முதலில் முடியாது என்றார், பிறகு இடமில்லை என்றார், பிறகு பேருந்தின் வயிற்றுப் பகுதி மனிதர்களின் பெட்டிகளுக்கு மட்டும்தான் என்றார். அவர் மூன்றாவது காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பூங்காவனமும் அவள் கணவர் இருளப்பனும் முன்சக்கரங்களைக் கழற்றி, பெடல்களைத் திருகி எடுத்து, ஹேண்டில்களைப் பக்கவாட்டில் திருப்பி, பழைய கைலிகளைச் சுற்றி, இரண்டு சைக்கிள்களையும் இரண்டு பெரிய துணி மூட்டைகளாக ஆக்கியிருந்தார்கள். "இப்ப இது சைக்கிள் இல்ல, பெட்டி," என்றாள் பூங்காவனம். ரம்லி தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டார்.

எஸ்டேட் லயத்தில் பிறந்தவள் அவள். பிரசவம் பார்த்த பெண் மறுவாரமே வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டாள். அப்பா பதிவு அலுவலகத்துக்கு நாளைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்து, ஒருநாள் ரப்பர்ப் பால்மரத்தடியில் பாம்பு தீண்டிச் செத்துப்போனார். ஆகவே பூங்காவனம் பிறந்தாள் என்பதற்குப் பூங்காவனத்தைத் தவிர வேறு அத்தாட்சி இல்லாமல் போயிற்று. பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாததால் மேல்படிப்பு இல்லை, லைசென்ஸ் இல்லை, கல்யாணம் கோயிலில் நடந்ததே தவிர எந்தப் புத்தகத்திலும் நடக்கவில்லை. காகிதம் கேட்காத வாகனம் சைக்கிள் ஒன்றுதான் என்பதால் நாற்பது வருஷம் அதையே மிதித்தாள். தூரத்தில் போலீஸ் தடுப்பைக் கண்டால் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு செம்பனைத் தோப்புக்குள் புகுந்து, முள் கிழித்த கால்களோடு மறுபக்கம் ஏறிக்கொள்வாள். பதினெட்டு தடவை மனுப் போட்டாள், பதினெட்டு தடவையும் நீ இந்த நாட்டு ஆள் என்பதற்கு ஆதாரம் போதாது என்று பதில் வந்தது. பத்தொன்பதாவது மனுவுக்கு, அவளுடைய ஐம்பத்தேழாவது வயதில், குடிமக்களுக்கான நீல அட்டை வந்தது. மறுமாதமே பாஸ்போர்ட் எடுத்தாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அக்கா கனகவல்லி இருந்தாள். அக்காவை அப்பா பதிந்திருந்தார். அவள் இருபத்திரண்டு வயதில் ஒரு தாய்லாந்து லாரிக்காரரைக் கட்டிக்கொண்டு போய், அந்த நாட்டுக்காரியாகவே ஆகி, ஒவ்வொரு தீபாவளிக்கும் தங்கையைப் பார்க்க வந்துகொண்டிருந்தவள், படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு நான்கு வருஷமாக வரவில்லை. எல்லை ஊரிலிருந்து அவள் வீட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகிற அந்தச் சாலையில் பேருந்து கிடையாது. சைக்கிள்கள் அதற்காகத்தான்.

எல்லையில் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். நூருல் என்ற இளம் பெண் அதிகாரி பூங்காவனத்தின் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "முதல் தடவையா, மக்சிக்?" என்று, மலாய்க்காரர்கள் வயதில் மூத்த பெண்களைக் கூப்பிடும் விதமாகவே மரியாதையாகக் கேட்டாள்.

"முதல் தடவை."

நூருல் வெளியேறும் முத்திரையை அழுத்தமாகக் குத்தினாள். சைக்கிள்களைப் பேருந்துக்குள் வைத்தே கொண்டுபோகக் கூடாது, உரியவர்கள் தள்ளிக்கொண்டுதான் தாண்ட வேண்டும் என்று சுங்க அலுவலகத்தில் சொன்னதால், வெயிலில் உட்கார்ந்து சக்கரங்களையும் பெடல்களையும் மறுபடி பூட்டினார்கள். இரண்டு நாட்டுக் கட்டடங்களுக்கும் நடுவே தார்ச் சாலையின் குறுக்கே ஒரு சாண் அகலத்தில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. இருளப்பன் அதைத் தாண்டிப் போனார். பின்னாலேயே பூங்காவனம் போனாள், அவளுடைய முன்சக்கரம் தொடுவதற்கு ஒரு முழம் இருக்கும்போது கோடு நகர்ந்தது.

அவள் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி போயிற்று. அவள் நின்றால் நின்றது.

"என்னா நின்னுட்டே? வா," என்றார் இருளப்பன்.

"நான் நிக்கலங்க. கோடுதான் நிக்கமாட்டேங்குது."

வேகமாக நடந்து பார்த்தாள். பின்பக்கமாக நடந்து பார்த்தாள். ஏறி மிதித்துப் பார்த்தாள். இருளப்பன் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தபோது கோடு அவருடைய செருப்புகளுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விட, அவர் சட்டைப்பையிலிருந்த கைபேசி மலேசியாவுக்கு நல்வரவு என்று செய்தி சொல்லிற்று. மற்றவர்கள் தாண்டும்போது அது வெறும் பெயிண்டாகக் கிடந்தது. லாரிகள் தாண்டின, கோழிகள் தாண்டின, பேருந்தின் இருபத்திரண்டு பயணிகளும் குடையும் பையுமாகப் போய் வந்து தாண்டிக் காட்டினார்கள். பூங்காவனத்துக்கு மட்டும் அது முன்னால் முன்னால் போனது. துணியை ஓரிடத்தில் கிள்ளி இழுத்தால் அந்த இடம் மட்டும் கூம்பிக்கொண்டு வருமே, அப்படி அவள் போன சாலையின் அகலத்துக்கு மட்டும் நாடு அவளோடு கூம்பிக்கொண்டு போயிற்று.

தாய்லாந்துக் கட்டடத்தின் ஜன்னலைக் கோடு கடந்தபோது, உள்ளே சுவர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் குதித்தது. மலேசியாவின் நேரம் அது. பிரசேர்ட் என்ற அதிகாரி வெளியே வந்து கோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பூங்காவனத்தைப் பார்த்தார். எல்லையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர் ஆதலால் இதற்கு எந்தப் படிவம் என்றுதான் முதலில் யோசித்தார்.

"அம்மா, நீங்கள் இன்னும் என் நாட்டுக்குள் வரவில்லை," என்றார் மலாய் மொழியில். "அதனால் உங்களை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை."

பின்னால் ஓடி வந்திருந்த நூருல் சொன்னாள்: "மக்சிக், நீங்கள் போய்விட்டதாக நான் முத்திரை குத்திவிட்டேன். அதனால் உங்களைத் திருப்பிக் கூப்பிட எனக்கும் அதிகாரம் இல்லை."

"அப்ப ரெண்டு பேரும் கூட வாங்க," என்றாள் பூங்காவனம். "அது எங்க நிக்குதோ அங்க முத்திரை குத்துங்க. எங்க அக்கா வீடு பதினோரு கிலோமீட்டர்ல இருக்கு. நான் போயாகணும்."

"திரும்பிப் போயிட்டு நாளைக்கு வந்து பாப்பமா?" என்றார் இருளப்பன் மெதுவாக.

"நாளைக்கு நாளைக்குன்னுதான் எங்கப்பா என்னைப் பதியாம விட்டாரு," என்றாள் அவள். இருளப்பன் தன் பாஸ்போர்ட்டைப் பிரசேர்ட்டிடம் நீட்டி நுழைவு முத்திரை வாங்கிக்கொண்டார். முன்னால் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொல்கிறேன் என்று சைக்கிளில் ஏறி மிதித்துக்கொண்டு மறைந்தார்.

இப்படியாக அவர்கள் புறப்பட்டார்கள். முன்னால் மஞ்சள் கோடு, அதற்கு ஒரு முழம் பின்னால் சைக்கிளைத் தள்ளியபடி பூங்காவனம், பக்கத்தில் மடக்கு மேசையைத் தலையில் வைத்துக்கொண்டு பிரசேர்ட், முத்திரைப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலுமாக நூருல், அவர்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் பேருந்து. பெயர்ப் பட்டியலில் இருபத்து நான்கு பேர் இருக்க இருபத்திரண்டு பேரோடு போய்ச் சேர்ந்தால் நான் எப்படி முகத்தைக் காட்டுவது என்று ரம்லி சொல்லிவிட்டார், பயணிகளும் ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு, எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை என்றார்கள்.

எல்லை ஊரின் கடைத்தெரு அவர்களை வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. பாம்பு போனால் ஒதுங்குவதைப்போல ஜனங்கள் முதலில் கோட்டைக் கண்டு ஒதுங்கினார்கள், பிறகு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முடிதிருத்தும் கடையில் ஒருவருக்கு இடது கன்னம் பத்து மணிக்கும் வலது கன்னம் பதினொன்றேகாலுக்கும் மழிக்கப்பட்டது. நூடுல்ஸ் கடைக்காரி தன் கடிகாரம் குதித்ததற்குச் சண்டைபோட வெளியே வந்தவள், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஒரு மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டதைக் கண்டு, சண்டையைப் பாதியில் விட்டு உள்ளே ஓடினாள். யாரோ ஒரு கிழவர் கோட்டின் ஓரத்தில் ஊதுவத்தி செருகி இரண்டு வாழைப்பழம் வைத்தார். அது நகர்ந்துபோனதும் பழத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து மறுபடி வைத்தார். பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி முப்பது பிள்ளைகளை அழைத்துவந்து, எல்லை என்றால் என்ன என்று பாடம் நடத்த ஆரம்பித்து, எப்படி முடிப்பது என்று தெரியாமல் எல்லோரையும் கைதட்டச் சொன்னாள். தெருக்கோடி வீட்டுக்காரர்கள் வந்து, அம்மா, இப்படியே இடது பக்கம் வளைந்து போனால் எங்கள் வீடு தப்பித்துக்கொள்ளும் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் வந்து, அம்மா, கொஞ்சம் வலது பக்கமாக வாருங்கள், ஒரு நாளாவது அந்த நாட்டில் இருந்து பார்க்கிறோம் என்றார்கள். பூங்காவனம் இருவருக்கும் தலையாட்டிவிட்டு நேராகவே போனாள்.

தெரு முடிகிற இடத்தில் தையற்கடை வைத்திருந்த மாலி என்ற பெண் வந்து சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மகள் எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறாள்," என்றாள் மலாய் மொழியில். "அங்கேயே பிறந்தவள். அவளுக்குக் காகிதம் எதுவுமே இல்லை, அவளால் வெளியே வர முடியாது. மலேசியாவுக்குள் நுழைய எனக்குத் தடை போட்டிருக்கிறார்கள், என்னால் உள்ளே போக முடியாது. ஏழு வருஷம் ஆகிறது. கோடு என் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் அவள் வாசல்வரை வந்துவிடுவாள். அவள் நாட்டுக்குள்ளேயேதான் இருப்பாள். நீங்கள் ஓர் ஐந்து நிமிஷம்..."

அக்காவின் நினைவு பூங்காவனத்தை முன்னால் தள்ளியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் பத்து கிலோமீட்டருக்கு மேல் இருந்தது, ஒருவேளை கோடு திடீரென்று மனம் மாறி அவளை இழுத்துக்கொண்டு திரும்பி ஓடிவிடலாம் என்ற பயமும் இருந்தது. ஆனால் அவள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள்.

"அஞ்சு நிமிஷம் பத்தாது," என்றாள். "புள்ளைக்குப் போன் போடு. சோறு வையி."

மகள் யாரிடமோ கடன் வாங்கிய மோட்டார் சைக்கிளில் வந்து சேர முக்கால் மணி நேரமானது. இருபத்தைந்து வயதிருக்கும், தாயின் கடை வாசலில் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். தாய் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு தட்டை நீட்டினாள். மகள் சாப்பிட்டாள், தாய் அவளுடைய முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். மகளிடம் கேட்பதற்கு நூருலிடம் நிறையக் கேள்விகள் இருந்திருக்கும், ஆனால் நூருல் அவ்வளவு நேரமும் எதிர்வீட்டு மாமரத்தில் எத்தனை காய் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்து மகள் திரும்பிப் போய், வண்டிச் சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் பூங்காவனம் ஸ்டாண்டைத் தட்டினாள்.

"ஏன் இப்படிச் செய்கிறது என்று நினைக்கிறீர்கள்?" என்று ரப்பர் தோட்டத்து நிழலில் நடக்கும்போது நூருல் கேட்டாள். மேசையைத் தோள் மாற்றிக்கொண்ட பிரசேர்ட், "பொதுவாக எல்லைகள் இப்படிச் செய்வதில்லை," என்றார்.

"மக்சிக் திரும்பி வரமாட்டார் என்று அதற்குப் பயமோ என்னவோ," என்றாள் நூருல்.

பூங்காவனம் நின்றாள். கோடும் நின்றது. அதுவரை அவளுக்குக் கோபம் வரவில்லை. கால் வலித்தது, தாகம் எடுத்தது, அவ்வளவுதான். இப்போது வந்தது. ஆனால் கோபத்தை வழியில் செலவழிக்க வேண்டாம் என்று சைக்கிளில் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். மிதிக்க மிதிக்கக் கோடு ஓடிற்று, மேசையோடு பிரசேர்ட் ஓடினார், பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, தோட்டத்தில் பால் சேகரித்துக்கொண்டிருந்தவர்கள் வாளிகளைக் கீழே வைத்துவிட்டுச் சாலையோரம் வந்து நின்று, யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் எதிரே இருளப்பன் வந்தார். அவருடைய சைக்கிளின் பின் கேரியரில், ஒரு கையால் அவர் இடுப்பையும் மறு கையால் ஊன்றுகோலையும் பிடித்தபடி, ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள் கனகவல்லி. நான்கு வருஷத்தில் அவள் தெருவாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. நான் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன் என்று இருளப்பன் தூரத்திலிருந்தே கத்தினார்.

கனகவல்லி இறங்கினாள். இறங்குவதற்கே அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. சாலையின் நடுவில் ஊன்றுகோலை ஊன்றி, காலை அகற்றி வைத்து நின்றாள். பூங்காவனம் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள், கோடு அவளுக்கு முன்னால் வந்தது, காலையிலிருந்து எல்லோரையும் ஒதுங்க வைத்ததுபோல் அக்காவையும் ஒதுங்க வைக்கப் பார்த்தது.

"அக்கா, நகந்துக்க," என்றாள் பூங்காவனம். "உன் கால்கிட்ட வருது."

"வரட்டும். என்னால நகர முடியாது, நகரவும் மாட்டேன்."

கோடு அவள் கட்டைவிரல் வரை வந்து முட்டி நின்றது. பூங்காவனம் ஓரடி வைத்தாள், அது போகவில்லை. இன்னும் ஓரடி வைத்தாள். ஒரு முழமாக இருந்த இடைவெளி ஒரு சாணாகி, விரற்கடையாகி, கடைசியில் முன்சக்கரத்துக்கும் கனகவல்லியின் கால்களுக்கும் நடுவே மஞ்சள் கோடு நசுங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் போக வழியில்லாமல் மெல்ல நடுங்கிற்று.

பூங்காவனம் குனிந்து அதைப் பார்த்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அம்பத்தேழு வருஷம் உன் வாசல்ல நின்னேன். பதினெட்டுத் தடவ யாருன்னு கேட்ட. எங்கம்மாவ ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப, நான் அவ மகதான்னு சொல்றதுக்கு ஒரு அட்டை இல்லாம வராந்தாவுல நின்னேன். அப்பல்லாம் நீ நகரவே இல்லியே? இப்ப எங்க போனாலும் முந்திகிட்டு வந்து நிக்கிறியா?"

கோடு நடுங்குவதை நிறுத்திற்று.

"நான் அஞ்சு நாள்ல வருவேன். நீ இழுத்தா வரமாட்டேன், விட்டா வருவேன். என் வீடு அங்க இருக்கு, என் கோழி அங்க இருக்கு, எங்கம்மாவப் பொதைச்ச எடம் அங்க இருக்கு. நானா வருவேன். இப்ப விடு."

கனகவல்லி ஊன்றுகோலை இருளப்பனிடம் கொடுத்துவிட்டு, சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பற்றினாள். பூங்காவனம் பின்னாலிருந்து தூக்கினாள். சக்கரம் கோட்டுக்கு மேலே எழும்பி அந்தப் பக்கம் இறங்கியது, பின்சக்கரமும் இறங்கியது, பூங்காவனம் வலது காலை வைத்தாள், இடது காலை வைத்தாள். கோடு இருந்த இடத்திலேயே கிடந்தது.

பிரசேர்ட் மேசையை விரித்தார். தாய்லாந்துக்குள் நுழையும் முத்திரையை, அந்த இடத்தின் பெயரை என்ன என்று எழுதுவது எனத் தெரியாமல் கொஞ்சம் யோசித்துவிட்டு, ரப்பர் தோட்டம் என்று எழுதிக் குத்தினார். நூருல் பூங்காவனத்தைக் கட்டிக்கொண்டு, "அஞ்சு நாள், மக்சிக், நான் வேலையில் இருப்பேன்," என்றாள். கோடு ஒரு கணம் தயங்கிற்று. பிறகு சாலையோடு சாலையாக வந்த வழியே பின்வாங்கிப் போயிற்று, அது போகப் போகக் கடைத்தெருவில் கடிகாரங்கள் ஒவ்வொன்றாக ஒரு மணி நேரம் பின்னால் வந்தன, நூடுல்ஸ் கடைக்காரி இரண்டாம் முறையாக மதியச் சாப்பாடு போட்டாள், ஊதுவத்திக் கிழவர் பழத்தைத் தானே உரித்துத் தின்றார். மாலி வாசலைப் பெருக்கவில்லை. மகள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி நடந்து போனாள்.

ரம்லி பட்டியலில் இரண்டு பெயருக்கு நேரே குறி போட்டார். பிரசேர்ட்டையும் நூருலையும் ஏற்றிக்கொண்டு, பேருந்தைத் திருப்ப இடம் தேடிப் போனார்.

சாலை சட்டென்று வெறிச்சோடிவிட்டது. அக்காவும் தங்கையும் நடு ரோட்டிலேயே நின்றார்கள்.

"இளைச்சிட்டே," என்றாள் கனகவல்லி.

"நீ மட்டும் என்னாவாம்," என்றாள் பூங்காவனம். அதன் பிறகுதான் இருவரும் அழுதார்கள். இருளப்பன் இரண்டு சைக்கிள்களையும் பிடித்துக்கொண்டு மரங்களைப் பார்த்தபடி நின்றார்.

மூன்றாம் நாள் காலை கனகவல்லியைக் கேரியரில் உட்காரவைத்துப் பூங்காவனம் அந்த ஊர்ச் சந்தைக்கு மிதித்துப் போனாள். மீன்காரி கானாங்கெளுத்தியை நிறுத்துக்கொண்டே பூங்காவனத்தை ஏற இறங்கப் பார்த்து, கனகவல்லியிடம் தாய்லாந்து மொழியில் ஏதோ கேட்டாள்.

"எந்த நாட்டுக்காரின்னு கேக்குறா," என்றாள் கனகவல்லி. "நான் சொல்லட்டா?"

"வேணாம். நானே சொல்றேன்."

இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. பிறந்த நாட்டுக்குள்ளேயே இருந்தவளை யார் கேட்பார்கள். கேட்டவர்களும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆதாரத்தோடு சொல் என்றுதான் கேட்டார்கள். பூங்காவனம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மலேசியா," என்றாள்.

சந்தை இரைச்சலில் மீன்காரிக்கு அது காதில் விழவில்லை. கையைக் காதருகே குவித்துக்கொண்டு மறுபடி கேட்டாள். பூங்காவனம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி, இன்னொரு தடவை சொன்னாள்.